அஞ்சாவது

தைசெங்கில் ஏழாம் மாடி. ஜன்னல் இல்லை.
இரண்டாயிரத்து ஒன்று, ஜூன்.
பழைய சேமிப்புப் பெட்டி வெளியேறியபோது
சரக்கு மின்தூக்கி இரண்டு முறை முனகியது.
ஒற்றை உடம்பு அது,
நிறைந்துவிட்டால் இன்னோர் உடம்பு வாங்கவேண்டும்.
புதியது தட்டுத் தட்டாக வரும்.
இந்தக் காலாண்டில் மூன்று, பணம் வந்தால் மேலும் மூன்று.
சுவிட்சிலிருந்து ஆரஞ்சு நிற ஃபைபர் இரண்டு,
எந்த சர்வரும் எந்தத் தட்டையும் தொடலாம்.
வீவக புளோக் மாதிரி என்றார் விற்க வந்தவர்,
மாடிக்கு மேல் மாடி.
யாரும் சிரிக்கவில்லை.
திரு குவெக் விலையை மறுபடி கேட்டார்.

தட்டின் முதுகில் ஒரு சிறு சக்கரம்,
நகத்தால் திருப்பி எண் வைக்கவேண்டும்.
ஒன்று, இரண்டு, மூன்று வைத்தேன்.
நான்கு வேண்டாம் என்றார் குவெக்.
சரக்குத் தொழில், மிஸ் பூங்கோதை,
சாவு எண்ணை உள்ளே விடுவதில்லை.
இயந்திரத்துக்கு ஆட்சேபம் இல்லை,
எண்கள் வேறு வேறாக இருந்தால் போதும் அதற்கு.
ஐந்து வைத்தேன். ஆறு. ஏழு.
ஆறு தட்டு, ஏழு வரை எண்.
எழுதி ஒட்டியிருக்கலாம்.
லேபிள் கருவியில் நாடா தீர்ந்திருந்தது.

தட்டுக்கு ஒன்றாக ஆறு டிஸ்க் ஒரு குழு.
ஒன்று செத்தால்
மற்ற ஐந்தும் கூடி, அது என்ன வைத்திருந்தது என்று
கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.
இரண்டு செத்தால்
எல்லாம் வாயடைத்துப்போகும்.

நவம்பர். பின்னிரவு மூன்று பத்து.
யீஷூனில் என் சமையலறை, வெளியே மழை.
மோடம் கத்தி முடித்ததும் திரையில் ஒரு வரி:
தட்டு 5, இடம் 9, பழுது.
மாற்று டிஸ்க் போன மாதமே செலவாகியிருந்தது,
புதியதற்கான தாள் யார் மேசையிலோ.
தளத்தில் திரவியம்.
தூத்துக்குடிக்காரர், ஒப்பந்த வேலை, பதினோராவது வாரம்.
விளக்கு ஏதும் மஞ்சளா இருக்கா?
எல்லாம் பச்சைதான் மேடம்.
செத்த பிறகும் பச்சை காட்டும் வகை அது.
அஞ்சாவது தட்டு, ஒன்பதை எடுங்க என்றேன்.

அஞ்சு என்று சொல்லவில்லை.
அஞ்சாவது.
தமிழர் அல்லவா, கீழிருந்து எண்ணினார்.
சரியாகத்தான் எண்ணினார்.
கொக்கி விடுபடும் சத்தம் கேட்டது தொலைபேசியில்,
பிறகு, சுழன்றுகொண்டிருந்த ஒன்று
வேகம் இழந்து இறங்கும் அந்த நீளமான மூச்சு.

பாசிர் பாஞ்சாங்கில் கதவுகள் திறக்கவில்லை.
எண்பது லாரி என்றார்கள், நூறு என்றார்கள்.
ஓட்டுநர்கள் இறங்கிக் கோப்பி தேடிப் போனார்களாம்.
நாற்பத்தேழு நிமிடம்.
திரும்பச் செருகுங்க, அதே துளையில, மெதுவா.
அவர் எச்சில் விழுங்குவது கேட்டது.
உருவியது உயிரோடுதான் இருக்கிறது என்று
நான்கு கட்டளைகளில் இயந்திரத்திடம் சாதித்தேன்.
நம்பியது.
ஒவ்வொரு கன்டெய்னராக நினைவுக்கு வந்தது அதற்கு.
செத்ததை மாற்றி, மற்ற ஐந்தும் சொல்லச் சொல்லப்
புதியது எழுதி முடிக்க
மறுநாள் மதியமாயிற்று.

அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில்
ஒரு வரிக்குத்தான் இடம்.
மனிதத் தவறு என்று தட்டினேன்.
எந்த மனிதர் என்று கட்டம் கேட்கவில்லை.
குவெக் கேட்டார்:
யார் டிஸ்க்கை உருவியது?
அவர் கேட்ட அளவுக்கு
உண்மையைத்தான் சொன்னேன்.

டிசம்பரில் ஒரு காலை
திரவியத்தின் அட்டைக்கு வாசல் திறக்கவில்லை.
கண்ணாடிக்கு அந்தப்புறம் நின்று
இன்னொரு முறை தேய்த்தார், துடைத்துவிட்டுத் தேய்த்தார்.
நான் உள்ளே இருந்தேன்.
காவலர் ரோஸ்லான் எழுந்து போனார்.

அதே வாரம் நாடா வந்தது.
ஆறு லேபிள் அச்சிட்டேன்.
ஐந்து என்பதை
நான்காவது தட்டில் ஒட்டினேன்.
கோணலாக விழுந்தது.
உரித்து ஒட்டவில்லை.